அப்பாச்சி இல்லையாம், முட்டையாம்!

போன ஞாயிறு குளுவாங்கில் ஒட்டுக்கடையில் பசியாறிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே ராணுவ ஹெலிகாப்டர் ஒன்று செம்பனைத் தோட்டத்துப் பக்கம் தாழப் பறந்து போனது. முகாம் இங்கேயே இருப்பதால் எங்கள் ஊரில் யாரும் அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை. பக்கத்து மேசைத் தம்பி மட்டும் கைப்பேசியை நீட்டினார். "பாருங்கண்ணே, நம்ம மலேசிய ராணுவம் வாங்கின எம்டி 530ஜி ஹெலிகாப்டர். முட்டைக்கு வால் மொளைச்ச மாதிரி இருக்கு. சிங்கப்பூர்க்காரன் அப்பாச்சி தாக்குதல் ஹெலிகாப்டர் வெச்சிருக்கான். வெக்கமா இல்ல?"

வெட்கப்பட ஒரு விஷயம் இருக்கிறது, தம்பி. ஆனால் அது அந்த முட்டை இல்லை.

அதன் பாட்டன் ஓஎச்-6. ஹியூஸ் நிறுவனத்தின் தயாரிப்பு, 1963-இல் முதலில் பறந்தது. வியட்நாமில் 'லோச்' என்று செல்லப்பெயர். மர உச்சியை உரசிக்கொண்டு பறந்து, எவன் எங்கே பதுங்கியிருக்கிறான் என்று மோப்பம் பிடிப்பதுதான் வேலை. கீழேயிருந்து எவனாவது சுட்டால் இடம் தெரிந்துவிடும்; உயரத்தில் காத்திருக்கும் கோப்ரா தாக்குதல் ஹெலிகாப்டர் பாய்ந்து வந்து அடிக்கும். சும்மா சொல்லக்கூடாது, வம்பை வலியப்போய் வாங்குகிற வேலை. நூற்றுக்கணக்கில் விழுந்தன. ஆனாலும் விழும்போது வாலும் சுழல் இறக்கையும் பிய்த்துக்கொண்டு போக, நடுவிலிருக்கும் அந்த முட்டைக்கூடு உருண்டுபோய் நிற்குமாம். உள்ளே இருந்தவர்கள் பலர் பிழைத்து நடந்து வந்திருக்கிறார்கள். கிண்டலடிக்கிற வடிவம்தான் உயிரைக் காப்பாற்றியது.

அப்பாச்சி வேறு ஜாதி. சோவியத் டாங்கிகளை உடைக்கப் பிறந்தது. முழுச் சுமையோடு பத்து டன் எடை, 16 ஹெல்ஃபயர் ஏவுகணை. அதுவும் அசைக்க முடியாததா என்றால் இல்லை. 2003 மார்ச்சில் ஈராக்கின் கர்பலா பக்கம் ஏறக்குறைய 30 அப்பாச்சிகள் போய், துப்பாக்கிக் குண்டுகளால் சல்லடையாகித் திரும்பின. ஒன்று திரும்பவே இல்லை. அதன் விமானிகள் இருவரும் பிடிபட்டார்கள்.

நம் பிரச்சினை டாங்கியா? 2013-இல் சபாவின் லஹாட் டத்துவில் ஆயுதத்தோடு ஒரு கும்பல் புகுந்ததே, அது செம்பனை நாடு. அன்றைக்கு எஃப்-18, ஹாக் போர் விமானங்களைக் கொண்டுபோய்க் குண்டு போட்டோம். முற்றிய செம்பனைக்குக் கீழே வேலை செய்தவர்களுக்குத் தெரியும்: ஓலையோடு ஓலை கோத்துக்கொண்டு கூரை போட்டிருக்கும், பட்டப்பகலிலும் நிழல்தான். மேலே பறக்கிற ஜெட்டுக்குக் குலை வெட்டுகிறவனும் தெரியமாட்டான், துப்பாக்கிக்காரனும் தெரியமாட்டான். மெதுவாக, தாழ வந்து, சந்து சந்தாக எட்டிப் பார்க்க ஆள் வேண்டும். மூக்கடியில் கேமரா, பக்கத்தில் படபடவென்று சுடும் மினிகன் துப்பாக்கி, 70 மி.மீ. ராக்கெட் என்று அந்த வேலைக்கு முட்டை போதும். தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை எதிரியிடம் இருந்தால் கதை கந்தல், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

சரி, வெட்கத்துக்கு வருவோம். ஆறு ஹெலிகாப்டர், ஏறக்குறைய 32 கோடி வெள்ளி (ரிங்கிட்) ஒப்பந்தம். 2018-க்குள் வந்திருக்க வேண்டும். 11 கோடிக்கு மேல் கட்டியும் ஒன்றுகூட வரவில்லை என்று 2019-இல் தற்காப்பு அமைச்சரே சொன்னார். வந்து சேர்ந்தது 2022-இல். ரொட்டி சானாய்க்கு முன்பணம் வாங்கிக்கொண்டு மறுநாள் தட்டை வைத்தால் இந்தக் கடையில் நாம் சும்மா இருப்போமா?

தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது சரிண்ணே" என்று மறுபடியும் அப்பாச்சி வீடியோவையே போட்டார். நானும் எட்டிப் பார்த்தேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.