வேட்டி கட்டிப் படம் எடுத்தால் தமிழ் வந்துவிடுமா?

ஒவ்வோர் ஆண்டும் நம் கல்லூரிகளில் பண்பாட்டுப் பரிமாற்ற நாள் என்று ஒன்று வருகிறது. பஞ்சாபிலிருந்து வந்த மாணவர் வேட்டி கட்டிக்கொள்வார். நம் பையன் ஒருவன் தலைப்பாகை வைத்துக்கொள்வான். பிஹு ஆட்டம் ஒன்று, கரகாட்டம் ஒன்று, தொன்னையில் சர்க்கரைப் பொங்கல். குழுப்படம் எடுத்து முடித்ததும் அவரவர் ஊர்க்காரர்களோடு அவரவர் போய்விடுவார்கள். மறுநாள் விடுதி மெஸ்ஸில் போய்ப் பார்த்தால் மலையாளம் ஒரு மேசை, ஒடியா ஒரு மேசை, தெலுங்கு ஒரு மேசை, விழுப்புரமும் கடலூரும் சேர்ந்து ஒரு மேசை. புதுச்சேரியில் முதுகலை முடித்துவிட்டு ரயில் ஏறும் வெளிமாநிலப் பிள்ளைக்குத் தமிழில் தெரிந்ததெல்லாம் 'அண்ணா', 'எவ்வளவு', 'வேண்டாம்'. அந்தப் பிள்ளையின் மொழியில் நம் பிள்ளைகளுக்கு அதுகூடத் தெரியாது.

வேறு ஊரில் இப்படி நடந்தால் பெரிதாகப் பேசியிருக்க மாட்டேன். புதுச்சேரியின் காலாப்பட்டில் 1985இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். அதை விடுங்கள், இந்த ஒன்றியப் பிரதேசத்தின் அமைப்பே விசித்திரம்: மாகே கேரளக் கரையில், ஏனாம் கோதாவரிக் கரையில். ஒரே அரசின் கீழ் இருக்கும் ஏனாம் பையனும் வில்லியனூர்ப் பையனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறுகிறார்கள். 1908இல் பாரதி இந்த ஊருக்கு வந்தார். 1910இல் அரவிந்தர் வந்தார். பாரதியின் துணையோடு தமிழ் படித்த அரவிந்தர், ஆண்டாள், நம்மாழ்வார் பாசுரங்கள் சிலவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தார். இருவரும் சேர்ந்து வேதப் பாடல்களைப் படித்தார்கள். அதற்கு விழாவா எடுத்தார்கள்? பாரதி அவர் வீட்டுக்குப் போவார், உட்கார்ந்து பேசுவார்கள். அவ்வளவுதான்.

நான் கேட்பதும் அவ்வளவுதான். வாரத்துக்கு ஒரு மணி நேரம், இரண்டு பேர், இரண்டு மொழி. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இதை டான்டெம் என்கிறார்கள். 1963இல் பிரான்சும் ஜெர்மனியும் நட்பு ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகு, இரு நாட்டு இளைஞர்களைச் சேர்த்துவைத்த சந்திப்புகளில் வளர்ந்த முறை இது. ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டவர்களின் பிள்ளைகளுக்கே இது கைகூடியது என்றால் நமக்கு என்ன கேடு? முதல் அரை மணி உன் மொழி, அடுத்த அரை மணி என் மொழி. ஆசிரியர் கிடையாது, பாடத்திட்டம் கிடையாது. எதைப் பேசுவது என்று அவர்களே முடிவு செய்வார்கள். கடிகாரம் மட்டும் கட்டாயம். இல்லையென்றால் ஐந்தாவது நிமிடத்தில் இரண்டு பேரும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். சொல் கிடைக்காவிட்டால் கையைக் காட்டட்டும், காகிதத்தில் வரையட்டும், ஆங்கிலம் மட்டும் வேண்டாம்.

நான் வேலை பார்க்கும் கல்லூரியில் யாரும் திட்டம் போடாமலே இரண்டு பெண்கள் இதைச் செய்தார்கள். ஒருத்தி மணிப்பூர், இன்னொருத்தி கடலூர் முதுநகர். மணிப்பூர்ச் சமையலுக்கு ஙாரி என்ற புளிக்கவைத்த மீன் வேண்டும். அது கிடைக்காமல் ஏங்கிப்போயிருந்தவளை முதுநகர்ப் பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் ஊர்க் கருவாட்டுக் கடைக்கு அழைத்துப் போனாள். நெத்திலி, வாளை, சுறா என்று ஒவ்வொன்றையும் மணிப்பூர்ப் பெண் முகர்ந்து பார்த்து, பெயர் கேட்டு, தன் எழுத்தில் நோட்டில் குறித்துக்கொண்டாளாம். பேரம் பேசவும் அவளையே விட்டிருக்கிறாள் இந்தக் கெட்டிக்காரி. அடுத்த வாரம் நூலக வராந்தாவில் பார்க்கிறேன், முதுநகர்ப் பெண் விரலை மடக்கி 'அமா, அனி, அஹும், மரி, மங்கா' என்று எண்ணிக்கொண்டிருக்கிறாள். ஐந்துக்கு மேல் போக மாட்டேன் என்று ஒரே அடம். எதிரே மணிப்பூர்ப் பெண் 'வாளை'யில் நாக்கு மடங்காமல் நாலைந்து முறை 'வாலை' என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். எந்த விழா மேடையிலும் நான் இதைப் பார்த்ததில்லை.

இதில் தமிழுக்கே உரிய ஒரு சங்கடமும் உண்டு. வெளியூர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுங்கள் என்றால் நம் மாணவர்கள் உடனே திருக்குறளில் தொடங்கிவிடுகிறார்கள். பள்ளிப் பாடநூல் நடையில் 'நான் செல்கின்றேன்' என்று எழுதிக்கொடுக்கிறார்கள். அதை மனப்பாடம் செய்துகொண்டு அந்தப் பிள்ளை பஸ்ஸில் ஏறினால், கண்டக்டர் பதிலுக்குச் சொல்வது ஒன்றும் காதில் ஏறாது. எழுத்துத் தமிழில் நானே இந்தப் பதிவை எழுதிக்கொண்டிருக்கிறேன், அதன்மேல் எனக்கு என்ன பகை? ஆனால் முதல் ஆறு மாதம் பேச்சுத் தமிழ்தான் வேண்டும். டீக்கடை, காய்கறிக் கடை, தையல்காரர், மருந்துக் கடை. குறள் அதற்குப் பிறகு தானே வரும், கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

(ஒன்று சொல்லியாக வேண்டும். மொழி கற்க வருகிறேன் என்று பெண் பிள்ளைகளின் கைப்பேசி எண்ணைச் சேகரிக்க வருகிற ஆசாமிகளும் இருக்கிறார்கள். ஜோடி சேர்ப்பதைக் கல்லூரியே செய்யட்டும். எல்லாரும் பார்க்கிற பொது இடத்தில் நடக்கட்டும். பிடிக்கவில்லை என்றால் காரணம் சொல்லாமல் ஜோடியை மாற்றிக்கொள்ள வழி இருக்கட்டும்.)

மாநிலங்களிடையே மொழி, பண்பாட்டுப் பரிமாற்றத்துக்காக 'ஒரே பாரதம் உன்னத பாரதம்' என்று 2015இல் மத்திய அரசு அறிவித்த திட்டத்தின் பெயரில் கல்லூரிகளில் மன்றங்கள் இருக்கின்றன. அதனால் மொழிப் பரிமாற்றம் என்று நான் வாயைத் திறந்ததும், இது இந்திக்குப் பின்வாசலா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். என் பதில்: அந்த அரை மணி நேரக் கணக்கே அதற்குக் காவல். இந்தி பேசும் மாணவர் தன் அரை மணியைப் பெற வேண்டுமானால் முதலில் தமிழில் அரை மணி உட்கார்ந்து திணற வேண்டும். ஒருவர் மட்டும் கற்றுக்கொண்டே இருந்தால் அதற்குப் பெயர் வேறு. நம் மாணவருக்கு இந்தி வேண்டாமா, மலையாளமோ ஒடியாவோ எடுக்கட்டும். ஒடியா எதற்கு என்று இளக்காரமாகக் கேட்பவர்கள் கடலூர் சிப்காட் பக்கம் ஒருமுறை போய் வரலாம். அங்கே நாளை மேற்பார்வையாளராகவோ மருத்துவராகவோ போகப்போகிற நம் பிள்ளை, அடிபட்டு வரும் ஒரு தொழிலாளியிடம் 'எங்கே வலிக்கிறது' என்று அவர் மொழியில் கேட்க முடிந்தால் அது சின்ன விஷயமா?

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு எல்லாம் தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலம் வராது என்ற கூச்சத்தில் வகுப்பில் கடைசி வரிசையில் வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தான். இந்த அரை மணி நேரத்தில் மட்டும் அவர்கள்தான் வாத்தியார். எதிரே இருப்பவர் தப்பும் தவறுமாகப் பேசுவதைப் பார்த்த பிறகு, தாங்கள் தப்பாகப் பேசுவதைப் பற்றிய பயம் பாதி போய்விடுகிறது. அந்த முதுநகர்ப் பெண் இப்போது கருத்தரங்கில் எழுந்து கேள்வி கேட்கிறாள்.

இதற்கு மதிப்பெண், சான்றிதழ், வருகைப்பதிவு எதுவும் வைக்க வேண்டாம் என்பது என் கட்சி. வைத்தால் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். எனக்குப் பிடிபடாத சிக்கல் வேறு. புதுச்சேரியில் பிரெஞ்சுக்கு என்றால் அறுபது பேர் வரிசையில் நிற்பார்கள். சொல்லிக்கொடுக்க ஆறு பேர்கூடக் கிடைக்க மாட்டார்கள். ஒடியாவுக்கும் மணிப்பூரிக்கும் நேர் எதிர். மூன்று பேர், நான்கு பேர் என்று குழுவாக்கினால் ஒருவர் பேச மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். கடலூர், புதுச்சேரிக் கல்லூரிகளில் யாரேனும் இதைச் செய்து பார்த்திருந்தால், ஜோடிகளை எப்படிச் சேர்த்தீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த பருவம் தொடங்குவதற்குள் எனக்கு அது தெரிய வேண்டும்.