முப்பது விநாடி வீடியோவில் என்ன தெரியும்?

அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று சுற்றுகிற அந்த வீடியோவை ஏழெட்டுப் பேர் அனுப்பிவிட்டார்கள். இனி யாரும் அனுப்ப வேண்டாம், பார்த்தாயிற்று. ஒருவர் மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையில் புத்தகத்தைத் திணித்து, முகத்துக்கு நேரே போனை நீட்டி, "ம், வாசி" என்கிறார். பிள்ளை திணறுகிறாள். கீழே "சம்பளம் மட்டும் வாங்கத் தெரியுது" என்று ஆசிரியர்களைத் திட்டி வரிசையாக கமென்ட்.

வாசிப்பை இப்படிச் சோதிக்க முடியாது. கோபத்தில் சொல்லவில்லை, இந்த வேலை தெரிந்ததால் சொல்கிறேன்.

அவள் எந்த இடத்தில் நின்றாள் என்று யாராவது கவனித்தீர்களா? 'கொடி' என்ற சொல்லில். 'கொ'வில் கொம்பு முன்னால் இருக்கிறது, கால் பின்னால் இருக்கிறது, ஒலி மட்டும் ஒன்று. கொம்பைப் பார்த்ததும் பிள்ளை 'கெ' என்று ஆரம்பிக்கும். அடுத்து காலைக் கண்டதும் திகைத்து நிற்கும். கொம்பே தெரியாத பிள்ளை அங்கே நிற்காது, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் போய்விடும். அவள் நின்றாள் என்றால், பாதிக்கு மேல் வந்துவிட்டாள் என்று அர்த்தம். உங்களுக்கு அது தோல்வி. சொல்லிக்கொடுப்பவருக்கு, நாளைக்கு எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கான தகவல்.

ட, ப, ம, ர என்று எளிய வடிவங்களில் தொடங்கினால் 'படம்', 'மரம்' சீக்கிரம் வந்துவிடும். துணைக்காலும் சிரமமில்லை. உகர வரிசையில்தான் பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள். கு, சு, து, மு, ரு எல்லாம் ஒவ்வொரு விதமாக மாறும், ஒரே விதியைச் சொல்லிப் பதினெட்டுக்கும் பொருத்த முடியாது. அதையும் தாண்டினால், எழுத்தெல்லாம் தெரிந்தும் சேர்த்துச் சொல்ல வராத கட்டம் ஒன்று வரும். "ப... ட்... ட... ம்" என்று நான்கையும் சரியாகச் சொல்லும், ஆனால் 'பட்டம்' என்று அதன் காதில் விழாது. அப்போது சொல்லை அட்டையால் மறைத்து, முதலில் 'பட்', பிறகு 'டம்' என்று திறந்து காட்ட வேண்டும். ஒரு பிள்ளையோடு தினமும் பத்து நிமிடமாவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். இடையில் ஒரு வாரம் விட்டுப்போனால் மறுபடி பழைய இடம்தான். செங்கல் சூளைக்குப் பெற்றோரோடு போய்விட்டு மாதக்கணக்கில் கழித்துத் திரும்பும் பிள்ளையிடம் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம்.

இன்னொன்று. பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கிற பிள்ளை உங்கள் வீடியோவில் அருமையாக 'வாசிக்கும்'. படத்தை மூடிவிட்டு, கடைசி வரியில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பத்து நிமிடம் எங்கே கிடைக்கிறது? கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள். வகுப்போ ஐந்து. இருவரில் ஒருவர் தலைமை ஆசிரியர். அவர் வட்டார வள மையத்துக்குக் கூட்டம் என்று கிளம்பினால், மிச்சமிருப்பவர் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுத் தொடக்க வகுப்புகளுக்கு 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துக் கற்பிக்கச் சொன்னது. ஆனால் வருகைப் பதிவு, மதிப்பீடு, நோட்டு கொடுத்தது, சீருடை கொடுத்தது எல்லாம் எமிஸில், அதாவது கல்வித் துறையின் இணையப் பதிவுத் தளத்தில், ஏற்ற வேண்டும். சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும். பிள்ளைகள் தெளிவாக இருக்கும் காலை நேரம் அதில் போகும்.

"ஆசிரியர்களைத் தேர்தல் வேலைக்கு அனுப்பலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறதே?" இருக்கிறது. அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் தவிர கல்வி சாராத வேறு பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. அதையும் சேர்த்துப் படியுங்கள்.

"தனியார் பள்ளிப் பிள்ளைகள் சரளமாக வாசிக்கிறார்களே?" எல்.கே.ஜி., யு.கே.ஜி. முடித்து, ராத்திரி அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுத வைக்கிற பிள்ளை அது. இங்கே பல பிள்ளைகள் பென்சில் பிடிப்பதே முதல் வகுப்பில்தான். "உங்கள் பிள்ளையை எங்கே சேர்த்தீர்கள்?" என்பவர்களுக்கு: நியாயமான கேள்வி, ஆசிரியர்கள் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்தப் பதிலால் அவளுக்கு 'கொ' வந்துவிடாது.

வேலையே செய்யாத ஆசிரியர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். அவர்களைக் காப்பாற்ற நான் வரவில்லை. அவர்களைக் காட்டி மற்ற எல்லாரையும் திட்டுவதுதான் வலிக்கிறது.

இந்த வேலையில் கிடைக்கிற சந்தோஷம் சொன்னால் சின்னதாகத் தெரியும். மாதக்கணக்கில் எழுத்துக்கூட்டிக் கொண்டிருந்த பிள்ளை ஒரு நாள் யாரும் கேட்காமலேயே சத்துணவுக் கூடத்தில் உப்புப் பாக்கெட்டைப் பார்த்து "அயோடின் கலந்த உப்பு" என்று வாசிக்கும். வாசித்ததே அதற்குத் தெரியாது, சாப்பிடப் போய்விடும். அதற்காகத்தான் இத்தனை பேர் இதில் இருக்கிறார்கள். தொடக்கப் பள்ளியில் கற்பிக்கிற இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 20,600 ரூபாய். லட்சம் லட்சமாகச் சம்பளம் என்று கமென்ட் எழுதியவர்கள் அதையும் எழுதியிருக்கலாம்.

அந்தப் பிள்ளையின் முகத்தை மறைக்கக்கூட உங்களுக்குத் தோன்றவில்லை. எட்டு வயது. ஆசிரியரைத் திட்டுங்கள், பொறுத்துக்கொள்வோம். அவள் ஊருக்குள் நடக்க வேண்டாமா? முதலில் அந்த வீடியோவை நீக்குங்கள்.

உண்மையிலேயே அக்கறை இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வாருங்கள். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். மூன்றாவது ஆசிரியர் வேண்டும், காலை முதல் இரண்டு பாடவேளைகளில் எந்தப் பதிவேற்றமும் கேட்கக் கூடாது என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். அந்தத் தாளை போட்டோ எடுத்துப் போடுங்கள், நானே பகிர்கிறேன்.