பதிமூன்றரை சென்ட் ராஜ்யம்

(இங்கிலாந்தின் கிழக்கு ஓரம், ஃபெலிக்ஸ்டோ கடற்கரை. ஆகஸ்ட் மாதம்தான், ஆனாலும் மாமா குரங்குக் குல்லாவைக் கழற்றவில்லை. கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர், மகள் வீட்டுக்கு வந்திருக்கிறார். மாப்பிள்ளைக்கு இங்கே துறைமுகத்தில் வேலை. பெஞ்சில் இருவருக்கும் நடுவில் ஒரு பொட்டலம் சிப்ஸ், ஃபிளாஸ்க்கில் காபி. மாமா கையில் பைனாகுலர்.)

மாப்பிள்ளை: அந்தச் சரக்குக் கப்பலுக்கு வலப்பக்கம் பாருங்கள் மாமா. கறுப்பாக, மேஜை மாதிரி ஒன்று தெரிகிறதா?

மாமா: தெரிகிறது. ஆனால் ரெண்டு கால்தான் இருக்கிறது.

மாப்பிள்ளை: ரெண்டே கால்தான். அதுதான் சீலேண்ட். அது ஒரு நாடு. கொடி, நாணயம், தபால்தலை, பாஸ்போர்ட் எல்லாம் உண்டு. ராஜ குடும்பமும் உண்டு.

மாமா: நாட்டுக்குக் கீழே தண்ணீர் ஓடுகிறதே மாப்பிள்ளை!

மாப்பிள்ளை: இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானங்களைச் சுடுவதற்காகக் கட்டிய கோட்டை மாமா. கரையில் கட்டி, இழுத்துக்கொண்டு போய், 1943-இல் அந்த மணல்திட்டின் மேல் அமிழ்த்தி நிறுத்தினார்கள். ரெண்டு காலும் உள்ளே கூடான கான்கிரீட் தூண்கள். சிப்பாய்கள் அதற்குள்ளேதான் தூங்கினார்கள்.

மாமா: அப்படியானால் கட்டடம் பிரிட்டிஷ் சர்க்காருடையது. அதில் சந்தேகமில்லை. அடியிலே இருக்கிற கடல் யாருடையது?

மாப்பிள்ளை: வம்பே அங்கேதான். அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் கடல் எல்லை கரையிலிருந்து 3 கடல் மைல். ஐந்தரை கிலோமீட்டர் என்று வையுங்கள். கோட்டை நிற்பது சுமார் 12 கிலோமீட்டரில். 1956-இல் கடைசி ஆளும் இறங்கிப் போய்விட்டான்.

மாமா: (பைனாகுலரை இறக்கிவிட்டு) நீர்நிலைப் புறம்போக்கு. காலி மனை. கேட்பாரில்லை. சரி, யார் வந்து முதலில் கொட்டகை போட்டது?

மாப்பிள்ளை: ராய் பேட்ஸ் என்று ஒருவர். போரில் மேஜராக இருந்தவர், அப்புறம் மீன் வியாபாரம். அந்த நாளில் இங்கே வானொலி என்றால் பிபிசி மட்டும்தான். வாலிபப் பிள்ளைகளுக்கோ நாள் முழுக்கப் பாப் பாட்டு வேண்டும். கப்பலிலும் பழைய கோட்டைகளிலும் உட்கார்ந்துகொண்டு அனுமதி இல்லாமல் ஒலிபரப்பு நடத்திய கூட்டத்தில் இவரும் ஒருவர். 1965-இல் வேறொரு கோட்டையில் ‘ரேடியோ எசெக்ஸ்’ நடத்தினார். அது எல்லைக்கு உள்ளே இருக்கிறது என்று அடுத்த வருஷம் வழக்குப் போட்டு, 100 பவுன் அபராதம் விதித்துவிட்டார்கள்.

மாமா: தப்புச் செய்துவிட்டார்களே!

மாப்பிள்ளை: அபராதம் போட்டது தப்பா?

மாமா: உங்களுக்கு பி மெமோ தெரியாது. புறம்போக்கில் ஒருத்தன் குடிசை போட்டால், நாங்கள் போய் அளந்து, பி மெமோ எழுதி, அபராதம் விதிப்போம். அவன் ஓடிவந்து கட்டுவான். கட்டிவிட்டு அந்த ரசீதை மஞ்சள் தடவி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் வைப்பான். பத்து வருஷம் கழித்து அதே ரசீதைக் கொண்டுவந்து என் மேஜையில் போடுவான். ‘ஐயா, நான் இங்கே குடியிருப்பதற்குச் சர்க்காரே கொடுத்த ஆதாரம், பட்டா கொடுங்கள்’ என்பான். எழுதிக் கொடுத்த என்னிடமே!

மாப்பிள்ளை: இவர் ரசீதோடு நிற்கவில்லை. எல்லைக்கு வெளியே இருந்த இந்தக் கோட்டைக்கு வந்தார். இங்கே ஏற்கெனவே வேறொரு வானொலிக்காரரின் ஆட்கள் இருந்தார்கள். அவர்களைக் கிளப்பிவிட்டு...

மாமா: ஆக்கிரமிப்பின் மேல் ஆக்கிரமிப்பு. கேஸ் சூடுபிடிக்கிறது. சிப்ஸை இப்படித் தள்ளுங்கள்.

மாப்பிள்ளை: 1967 செப்டம்பர் 2-ஆம் தேதி கொடியை ஏற்றி, இது தனி நாடு, நான் இளவரசர் ராய் என்று அறிவித்துவிட்டார். அன்றைக்கு அவர் மனைவி ஜோனுக்குப் பிறந்தநாள். அந்த அம்மாள் காலையில் எழுந்தபோது மிஸஸ் பேட்ஸ், சாயங்காலம் இளவரசி.

மாமா: மனைவிக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு நாடா? உங்கள் அத்தைக்கு நான் ஒரு தடவை பிரஷர் குக்கர் வாங்கிக் கொடுத்தேன்.

மாப்பிள்ளை: அத்தை சொல்லியிருக்கிறார்கள். ஐந்து லிட்டர் கேட்டதற்கு மூன்று லிட்டர் வாங்கி வந்தீர்களாம்.

மாமா: (பேச்சை மாற்றி) பரப்பளவு எவ்வளவு இந்த ராஜ்யம்?

மாப்பிள்ளை: மேல்தளம் சுமார் 550 சதுர மீட்டர்.

மாமா: (விரல் மடக்கி) ஒரு சென்ட்டுக்கு நாற்பது சதுர மீட்டர், கொஞ்சம் கூட... பதிமூன்றரை சென்ட்! எங்கள் தாலுகாவில் பதிமூன்றரை சென்ட் வைத்திருந்தவனுக்குக் குறுவிவசாயி சான்றிதழுக்குத்தான் எழுதிக் கொடுத்தேன். இங்கே மகுடம் வைத்திருக்கிறார்கள். சரி, சர்க்கார் சும்மாவா இருந்தது?

மாப்பிள்ளை: மறு வருஷம் பக்கத்தில் ஒரு மிதவையைப் பழுதுபார்க்க சர்க்கார் தரப்பில் படகு வந்தது. ராஜா மகன் மைக்கேலுக்கு அப்போது பதினாறு வயது இருக்கும். கோட்டையிலிருந்து எச்சரிக்கையாகத் துப்பாக்கியால் சுட்டார்கள். அப்பனும் மகனும் கரைக்கு வந்தபோது பிடித்து, செம்ஸ்ஃபோர்டு கோர்ட்டில் நிறுத்தினார்கள். நீதிபதி, சம்பவம் நடந்த இடம் எல்லைக்கு வெளியே, எனக்கு அதிகாரமில்லை என்று விட்டுவிட்டார்.

மாமா: ஆகா! ‘என் வட்டம் இல்லை.’ இதைவிட உத்தமமான தீர்ப்பு உலகத்திலேயே கிடையாது. எங்கள் ஊர் ஆற்றுப் பாலத்தின் அடியில் ஒரு தடவை மாட்டு வண்டி கவிழ்ந்து கிடந்தது. வண்டியின் சக்கரம் என் கிராமம், நுகத்தடி அடுத்த கிராமம். இந்தப் பக்கத்து ஏட்டு அந்தப் பக்கம் என்றார், அந்தப் பக்கத்து ஏட்டு இந்தப் பக்கம் என்றார். மூன்று நாள். மாடு மட்டும் தானாக வீட்டுக்குப் போய்விட்டது.

மாப்பிள்ளை: ராஜாவும் வீட்டுக்குப் போய், அந்தத் தீர்ப்பையே தன் சுதந்திரத்துக்கு ஆதாரமாகக் காட்ட ஆரம்பித்தார்.

மாமா: நான் சொன்னேனே, மஞ்சள் தடவின ரசீது!

(ஒரு கடற்காகம் பெஞ்சின் கைப்பிடியில் வந்து உட்காருகிறது. மாமாவை ஒரு கண்ணாலும் சிப்ஸை மறு கண்ணாலும் பார்க்கிறது.)

மாப்பிள்ளை: 1975-இல் அரசியல் சாசனமும் எழுதியாகிவிட்டது. அப்புறம்தான் பெரிய ரகளை. அலெக்சாண்டர் ஆக்கன்பாக் என்று ஒரு ஜெர்மன்காரர் நாட்டுக்குப் பிரதம மந்திரி. 1978 ஆகஸ்டில், ராஜாவும் ராணியும் வெளியூர் போயிருந்த சமயம் பார்த்து, கூலிக்கு ஆட்களை அனுப்பிக் கோட்டையைப் பிடித்துவிட்டார். இளவரசர் மைக்கேலைக் கட்டிப் போட்டுவிட்டார்கள்.

மாமா: பதிமூன்றரை சென்ட்டுக்குள்ளே பிரதம மந்திரி, பட்டாளம், சதி! நிற்க இடம் இருந்ததா?

மாப்பிள்ளை: ராஜா விடுவாரா? ஆட்களைத் திரட்டிக்கொண்டு ஹெலிகாப்டரில் வந்து இறங்கி மீட்டுவிட்டார். பிடிபட்டவர்களை விடுவித்தார், ஒருவரைத் தவிர. அந்த ஆள் ஜெர்மன் வக்கீல். ஆனால் கையில் சீலேண்ட் பாஸ்போர்ட் வைத்திருந்தார்.

மாமா: அப்படியானால் சொந்தக் குடிமகன். ராஜத்துரோகம்!

மாப்பிள்ளை: அதே குற்றச்சாட்டுதான். ஜெர்மனி பிரிட்டனிடம் போய்ச் சொல்லிப் பார்த்தது. பிரிட்டன், பழைய தீர்ப்பைக் காட்டி, எங்கள் எல்லையில் இல்லை என்று கையை விரித்தது. கடைசியில் ஜெர்மனி லண்டனிலுள்ள தன் தூதரகத்திலிருந்து ஓர் அதிகாரியையே கோட்டைக்கு அனுப்பியது. சில வாரம் கழித்து வக்கீலை விட்டார்கள். விட்டுவிட்டு ராஜா சொன்னார்: தூதர் வந்தார் அல்லவா, ஜெர்மனி எங்களை அங்கீகரித்துவிட்டது.

மாமா: (துள்ளி எழுந்து) பி மெமோ! பி மெமோ! அளக்க வந்தவனை விருந்தாளிக் கணக்கில் எழுதிவிட்டான் பாருங்கள்! எங்கள் ஊரில் பிறக்க வேண்டியவன் மாப்பிள்ளை!

(மாமா எழுந்த நேரம் பார்த்துக் கடற்காகம் பொட்டலத்திலிருந்து ஒரு நீள சிப்ஸைக் கவ்விக்கொண்டு, அதே கைப்பிடியில் உட்கார்ந்து தின்கிறது.)

மாப்பிள்ளை: இதை விரட்டவா?

மாமா: விரட்டினால் ஆதாரம் ஆகிவிடும். கண்டுகொள்ளாதீர்கள். அந்தப் பிரதம மந்திரி என்ன ஆனார்?

மாப்பிள்ளை: ஜெர்மனியில் உட்கார்ந்து, உண்மையான சீலேண்ட் அரசு நான்தான் என்று நாடுகடந்த அரசு அமைத்தார்.

மாமா: பங்காளித் தகராறும் வந்துவிட்டது. இனிமேல் குறை ஒன்றுமில்லை. நாடேதான். ஆமாம், பிரிட்டன் எல்லைக்கல்லை நகர்த்தவில்லையா? நானாக இருந்தால் முதலில் அதைத்தான் செய்திருப்பேன்.

மாப்பிள்ளை: நகர்த்தினார்கள். 1987-இல் 3 கடல் மைல் 12 ஆயிற்று. கோட்டை உள்ளே வந்துவிட்டது. இவர்களும் பதிலுக்கு எங்களுக்கும் 12 என்றார்கள்.

மாமா: ஒரே புல எண்ணுக்கு ரெண்டு சிட்டா. ஜமாபந்தியில் தலைவலி கொடுக்கிற கேஸ். பாஸ்போர்ட் என்றீர்களே, அதை வைத்துக்கொண்டு எந்த ஊருக்குப் போகலாம்?

மாப்பிள்ளை: எந்த ஊருக்கும் போக முடியாது. எந்த நாடும் இதை நாடென்று ஏற்கவில்லை. அப்படியும் உலகம் பூராவும் இவர்கள் பெயரில் போலி பாஸ்போர்ட் கிளம்பிவிட்டது. கிரிமினல் ஆட்களின் கைக்கெல்லாம் போயிற்று. தொல்லை தாங்காமல் 1997-இல் தாங்கள் உண்மையாகக் கொடுத்தவற்றையும் சேர்த்து ரத்து செய்துவிட்டார்கள்.

மாமா: செல்லாத பாஸ்போர்ட்டுக்குப் போலியா! அந்தப் போலி அடித்தவனைப் பார்த்து நான் ஒரு வார்த்தை பேச வேண்டும்.

மாப்பிள்ளை: 2006-இல் ஜெனரேட்டர் பற்றிக்கொண்டு தீப்பிடித்தது. உள்ளே இருந்த ஒருவரைத் தூக்கி வந்து இப்ஸ்விச் ஆஸ்பத்திரியில் சேர்த்தது பிரிட்டிஷ் விமானப்படை ஹெலிகாப்டர். தீயை அணைத்தது இந்தப் பக்கத்து இழுவைப் படகு.

மாமா: அன்றைக்கு யாரும் ‘என் வட்டம் இல்லை’ என்று சொல்லவில்லையே, சந்தோஷம். ராஜா இருக்கிறாரா?

மாப்பிள்ளை: 2012-இல், 91 வயதில் போய்விட்டார். ஜோன் அம்மாள் 2016-இல். இப்போது மைக்கேல்தான் இளவரசர். ஆனால் இருப்பது கரையில், எசெக்ஸில். கடல்சிப்பித் தொழில். கோட்டையில் காவலுக்கு ஒன்றிரண்டு ஆட்கள் மட்டும். போகிறவர்களை ஊஞ்சல் பலகை போல் ஒன்றில் உட்கார வைத்து மேலே இழுப்பார்களாம்.

மாமா: வாரிசுச் சான்றிதழ் வாங்கினாரா?

மாப்பிள்ளை: யாரிடம் வாங்குவது மாமா? கொடுப்பவரும் அவரே.

மாமா: அதுவும் சரி. வரும்படி?

மாப்பிள்ளை: (பையைத் திறந்து ஒரு நீளமான உறையை எடுத்து) அதற்குத்தான் வருகிறேன். பட்டம் விற்கிறார்கள். பிரபு, சீமாட்டி, பாரன்... இணையத்தில் பணம் கட்டினால் தபாலில் வரும். உங்கள் எழுபதாவது பிறந்தநாளுக்கு அத்தையும் நாங்களும் சேர்ந்து வாங்கியது. இன்று முதல் நீங்கள் சீலேண்டின் பிரபு!

(மாமா சான்றிதழைப் பிரிக்கிறார். வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கிறார். விரலால் முத்திரையைத் தடவுகிறார். முகத்தில் மலர்ச்சி வந்து, பாதியில் நிற்கிறது.)

மாமா: பிரபு என்றால் நிலம் எவ்வளவு?

மாப்பிள்ளை: இதில் நிலம் கிடையாது. பட்டம் மட்டும்.

மாமா: நிலமில்லாத நாட்டில் நிலமில்லாத ஜமீன்தார். (சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, சான்றிதழைத் திருப்பி மடியில் வைத்துக்கொள்கிறார்.)

மாப்பிள்ளை: கையெழுத்தெல்லாம் போட வேண்டாம் மாமா.

மாமா: (எழுதிக்கொண்டே வாசிக்கிறார்) ‘மேற்படி இடம் இன்று என்னால் கரையிலிருந்து பைனாகுலர் மூலம் பார்வையிடப்பட்டது. கால் இரண்டு, தளம் ஒன்று. மூன்று தலைமுறை அனுபவம் என விசாரணையில் தெரியவருகிறது. ஆக்கிரமிப்பு உண்மையே. அக்கம்பக்கம் ஆட்சேபணை செய்யக் குடியிருப்பு ஏதுமில்லை. மேல் உத்தரவுக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது.’

மாப்பிள்ளை: ஐயோ மாமா, அதை ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்ட நினைத்தோம்!

மாமா: ஸ்டாம்ப் இல்லாமல் எப்படி மாட்டுவது? வீட்டுக்குப் போனதும் குத்தித் தருகிறேன். சூட்கேஸில்தான் இருக்கிறது.

மாப்பிள்ளை: ரப்பர் ஸ்டாம்பை இங்கிலாந்துக்கு எடுத்து வந்தீர்களா? நீங்கள் ரிடையர் ஆகி பன்னிரண்டு வருஷமாகிறது. அது எப்படிச் செல்லும்?

மாமா: (பைனாகுலரை எடுத்துத் தன் ராஜ்யத்தை இன்னொரு தடவை பார்த்து) அங்கே செல்லும்.