அந்த ஒரு ஓட்டு

அயர்லாந்து அரசியல்வாதி ஹோலி கெய்ர்ன்ஸ் 'திடீரென்று மேலே வந்தவர்' என்று அவரைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். வேகம் என்னவோ உண்மைதான். ஆனால் அது ஒரே ஒரு ஓட்டில் தொங்கிக்கொண்டிருந்த கதையையும் சொல்லியிருக்கலாம்.

2019 மே மாதம், கார்க் கவுன்டி கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) தேர்தல், பான்ட்ரி பகுதி. அயர்லாந்தில் வாக்காளர் ஒரு பெயருக்கு முத்திரை குத்திவிட்டு வருவதில்லை. 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதுவார். கடைசியில் இருப்பவர் வெளியேறினால் அவருக்கு விழுந்த வாக்குச் சீட்டுகள் அவற்றில் அடுத்த விருப்பமாக எழுதப்பட்டவருக்குப் போகும். அப்படிச் சுற்றுச் சுற்றாகப் போய், மறுபடியும் எண்ணி, ஒரு ஓட்டில் ஜெயித்தார் கெய்ர்ன்ஸ். யாரோ ஒருவர் அன்று மழையைப் பார்த்து வீட்டிலேயே இருந்திருந்தால்? ஒன்பதே மாதத்தில், 2020 பிப்ரவரியில், தென்மேற்கு கார்க் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்கே போய்விட்டார்.

அப்புறம், நீங்கள் குறிப்பிட்ட 'விவசாயப் பின்னணி' என்பது போஸ்டருக்காகச் சொன்னதல்ல. காய்கறி விதை உற்பத்தி செய்து விற்கும் குடும்பம். இவரும் இயற்கைத் தோட்டக்கலை படித்தவர். அதற்கு முன் மால்டாவில் மாற்றுத்திறனாளிகளோடு வேலை பார்த்திருக்கிறார். 2018 கருக்கலைப்பு வாக்கெடுப்புப் பிரசாரம்தான் அரசியலுக்குள் இழுத்துவந்தது.

2023 மார்ச்சில் தன் கட்சியான சோஷியல் டெமாக்ரட்ஸின் தலைவரானபோது வயது 33, போட்டியே இல்லை. 2024 நவம்பர் 29 அன்று நாடாளுமன்றத் தேர்தலில் நாடே ஓட்டுப் போட்டுக்கொண்டிருக்க, இவருக்குப் பெண் குழந்தை பிறந்தது! கட்சிக்குக் கிடைத்தது 11 இடங்கள். முந்தைய தேர்தலில் 6.