காலை 4 மணி அலாரம்

போன வருடம் என் மகள் பிளஸ் டூ. அரையாண்டுத் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது வயிற்றுவலி ஆரம்பித்தது. சீருடை போட்டதும் வலிக்கும், ஒரு வாய் இட்லி இறங்காது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலி இல்லை. அல்சராக இருக்குமோ என்று ஸ்கேன் வரை போனோம். எல்லாம் சரியாக இருந்தது. "ஒண்ணுமில்ல, நீ சும்மா பயந்துக்கிற" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. பயந்தால் உடம்பில் அட்ரினலின் ஏறும், செரிமானம் மந்தமாகும், வயிறு பிசையும். ஸ்கேனில் தெரியாவிட்டாலும் அந்த வலி நிஜம்தான்.

ஒரு ராத்திரி பன்னிரண்டரைக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். அவள் அறையில் விளக்கு எரிந்தது. உயிரியல் புத்தகத்தில் ஒரே பத்தியின் மேல் திரும்பத் திரும்ப ஹைலைட்டர் போட்டு, தாளே நைந்து போயிருந்தது. "எத்தனை தடவை படிச்சாலும் நிக்க மாட்டேங்குதும்மா" என்று அழுதாள். 4 மணிக்கு அலாரம் வைத்திருந்தாள். வைக்கச் சொன்னது நான்தான்.

இந்த வயதில் 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும். தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் பதின்வயதில் தாமதமாகத்தான் சுரக்கிறது, அதனால் ஒன்பது மணிக்குப் படுக்க வைத்தாலும் புரண்டுகொண்டுதான் இருப்பார்கள். 4 மணி என்பது அந்த உடம்புக்கு நடுராத்திரி. படித்தது மனதில் பதிவதும் தூக்கத்தில்தான். தேர்வு வந்தால் நாம் முதலில் கைவைப்பது அந்தத் தூக்கத்தில்தான்!

அலாரத்தை நிறுத்தினோம். காலை டியூஷனையும் விட்டோம், வீட்டில் பெரிய சண்டைக்கு அப்புறம். ராத்திரி பத்து மணிக்கு மேல் என் போனும் அவள் போனும் ஹாலில். வயிறு பிசையும்போது மூச்சை இழுப்பதைவிட நீளமாக, மெதுவாக விடப் பழகினாள். தேர்வுக்கு முன்பே ஒன்று சொல்லி வைத்தேன்: ஒரு பாடம் போனாலும் துணைத் தேர்வு இருக்கிறது, அதே வருடம் எழுதலாம்.

மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை அரசே 2017-இல் நிறுத்திவிட்டது. சொந்தக்காரர்கள்தான் இன்னும் நிறுத்தவில்லை. "எவ்வளவு எதிர்பார்க்கிற?" என்று வந்த போன்களை அவளிடம் கொடுக்காமல் நானே பேசி வைத்தேன். சிலருக்குக் கோபம். இருக்கட்டும்.

சில பிள்ளைகளுக்கு இது மட்டும் போதாது. வாரக்கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல், நண்பர்களிடமும் பேசாமல் ஒதுங்கினால் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். "நான் இல்லைன்னா உங்களுக்கு நிம்மதி" மாதிரி பேச்சு வந்தால் அன்றைக்கே உட்கார்ந்து, செத்துப்போகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். 14416, டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், பிள்ளைகளே கூப்பிடலாம்.

மார்ச்சில் வேதியியல் தேர்வன்று மறுபடி வலித்தது. "வலிக்குதும்மா" என்றாள். "சரி, வா" என்று பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றரை இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனாள்.