கண்டுபிடிப்போடு நின்றுவிடும் நிதி

ஆய்வகங்களில் விலங்குகளுக்கு மாற்றான முறைகளை உருவாக்க நிதி ஒதுக்கப்படுகிறது என்ற அறிவிப்பு வந்தால், தொகை எவ்வளவு என்பதைவிட அது எந்தக் கட்டத்தில் செலவாகப்போகிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். புதிய முறையைக் கண்டுபிடிப்பதற்குப் பணம் கிடைத்துவிடுகிறது. அம்முறை பழையதற்கு ஈடானது என்று நிறுவுவதற்கும், மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகளை ஏற்கச் செய்வதற்கும், ஆய்வகப் பணியாளர்களுக்குப் பழக்கிக்கொடுப்பதற்கும் கிடைப்பது அரிது. மாற்று முறைகள் இருந்தும் விலங்குச் சோதனைகள் தொடர்வதற்கு இந்த இடைவெளி ஒரு பெருங்காரணம் என்பது என் கருத்து.

முயல்களை வைத்துச் செய்யப்படும் பைரோஜன் சோதனையின் வரலாறு இதை நன்றாகக் காட்டும். ஊசி மருந்தில் காய்ச்சலை உண்டாக்கும் மாசு (அதுதான் பைரோஜன்) கலந்திருக்கிறதா என்று அறிய, முயலின் காதிலுள்ள இரத்தக்குழாயில் மருந்தைச் செலுத்தி, அடுத்த 3 மணி நேரம் அதன் உடல் வெப்பம் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். அமெரிக்காவின் அதிகாரபூர்வ மருந்துத் தர நூலில் 1942இல் இச்சோதனை இடம்பெற்றது. 1990களின் நடுவில் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹார்ட்டுங், ஆல்பிரெக்ட் வெண்டல் ஆகியோர் மனித இரத்தத்தைக் கொண்டே இதைக் கண்டறியலாம் என்று காட்டினார்கள்: பைரோஜனை எதிர்கொள்ளும் வெள்ளணுக்கள் காய்ச்சலைத் தூண்டும் புரதங்களை வெளியிடும், அந்தப் புரதங்களின் அளவே விடையாகிவிடும். காய்ச்சல் வரப்போவது மனிதனுக்கு என்னும்போது மனித இரத்தத்தையே கேட்பது முறைதானே? ஆயினும் மாற்று முறைகளைச் சரிபார்க்கும் ஐரோப்பிய மையம் அதை ஏற்றது 2006இல். ஐரோப்பிய மருந்துத் தர நூலில் அது சேர்ந்தது 2010இல். அந்நூலின் எந்த மருந்துக்கும் முயல் சோதனை தேவையில்லை என்ற நிலை வந்ததோ 2025 ஜூலையில்தான். ஏறத்தாழ 30 ஆண்டுகள்!

இந்த ஆண்டுகளை வெறும் அதிகாரிகளின் மெத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரே மாதிரிகளை, அவற்றில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல், பல ஆய்வகங்களுக்கு அனுப்பி, எல்லா இடங்களிலும் ஒரே முடிவு வருகிறதா என்று பார்க்க வேண்டும்; இரத்தம் கொடுத்தவர் மாறினால் அளவு மாறுகிறதா என்று சோதிக்க வேண்டும். இவை அவசியமான வேலைகள். ஆனால் இதனால் யாருக்கும் முனைவர் பட்டம் கிடைப்பதில்லை, பெரிய ஆய்விதழ்கள் ஆர்வம் காட்டுவதில்லை, பழைய சோதனைக்கு அனுமதி இருக்கும்வரை நிறுவனங்களுக்கும் அவசரமில்லை.

மனித உறுப்பின் செயலைப் போலச் செய்யும்படி செல்களை வளர்த்த சிறு கருவிகளான உறுப்புச் சில்லுகளின் கதையும் இதே திசையில்தான் செல்கிறது. மனித நுரையீரல் செல்களை வளர்த்த சில்லு 2010இல் வெளிவந்தபோது உலகமே வியந்தது. எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு: மனிதக் கல்லீரலைப் பாதிக்குமா இல்லையா என்பது முன்பே தெரிந்த 27 மருந்துகளைக் கல்லீரல் சில்லில் சோதித்ததில், நச்சுத்தன்மை உள்ளவற்றில் 87 விழுக்காட்டை அது கண்டுபிடித்தது; பாதுகாப்பானவற்றில் ஒன்றைக்கூடத் தவறாகக் குற்றம் சாட்டவில்லை. கட்டுப்பாட்டு அமைப்புகளை நம்பவைப்பவை இத்தகைய ஒப்பீடுகளே. விலங்குச் சோதனையைக் கட்டாயமாக்கிய விதியை அமெரிக்கா 2022 டிசம்பரில் சட்டத்தின் மூலம் தளர்த்தியது. ஆனால் சட்டம் இடம் கொடுத்தாலும், கோப்பைப் பரிசீலிப்பவர் கேட்பது தரவுகளைத்தான். அவர் தயங்குவதில் நியாயம் உண்டு. ஆனால் அதே கண்டிப்பை விலங்குத் தரவுகளிடமும் அவர் காட்ட வேண்டும். 2006இல் லண்டனில் டிஜிஎன்1412 என்ற மருந்து குரங்குகளிடம் பாதுகாப்பானதாகத் தோன்றி, செலுத்தப்பட்ட 6 தன்னார்வலர்களையும் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுசென்றது.

(ஒரு செய்தியை இடையில் சொல்லியாக வேண்டும். விலங்குகள் தேவைப்படாத முறை என்று விண்ணப்பிக்கப்படும் செல் வளர்ப்புகள் பலவற்றில், பசுவின் கருவிலுள்ள கன்றின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் தெளிநீரான சீரமே இன்னும் ஊட்டமாகப் பயன்படுகிறது. நிதி வழங்குபவர்கள் இதைக் கேட்டே ஆக வேண்டும்.)

மூளை, நடத்தை, கருவளர்ச்சி போன்ற துறைகளில் முழு உடலுக்கு ஈடான மாற்று இன்னும் இல்லை. ஆகவே எஞ்சியிருக்கும் விலங்குகளின் துன்பத்தைக் குறைக்கும் ஆய்வுக்கும் பணம் வேண்டும். சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்குவதற்குப் பதிலாக ஒரு குழாய்க்குள் நுழையவிட்டோ, உள்ளங்கைகளில் ஏந்தியோ எடுத்தால் அதன் பதற்றம் குறைகிறது என்று லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் காட்டினார்கள். பதறிப்போன எலியிடமிருந்து வரும் அளவுகள் நம்பத்தக்கவையல்ல என்பதால் இதில் ஆய்வுக்கும் ஆதாயம் உண்டு. ஆனால் ஒரு பிளாஸ்டிக் குழாயைப் புத்தாக்கம் என்று சொல்லி நிதி கேட்பவரை எந்தக் குழு மதிக்கும்?

ஆய்வில் விலங்குகளுக்கு மாற்று தேடவும், அவற்றின் எண்ணிக்கையையும் துன்பத்தையும் குறைக்கவும் 2004இல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட என்சி3ஆர்எஸ் மையம் கடைப்பிடிக்கும் ஒரு வழக்கம் எனக்குப் பிடிக்கும். அதன் போட்டித் திட்டத்தில், முறையைப் பின்னாளில் பயன்படுத்தப்போகும் நிறுவனங்களே தீர்க்கவேண்டிய சிக்கலை முன்வைக்கின்றன. பொதுப்பணம் எங்கே செலவாகும்போதும் இதையே நிபந்தனையாக்கலாம். அத்துடன் ஒவ்வொரு திட்டத்திலும் பல ஆய்வகச் சரிபார்ப்புக்கென ஒரு பங்கைத் தொடக்கத்திலேயே ஒதுக்க வேண்டும். கட்டுப்பாட்டு அமைப்பின் பிரதிநிதி முதல் கூட்டத்திலிருந்தே உடனிருக்க வேண்டும். பலிக்காத முறைகளின் முடிவுகளும் வெளியிடப்பட வேண்டும். புதிய சோதனைக்கு ஒப்புதல் தரும் அன்றே பழைய சோதனை எந்தத் தேதியில் நீக்கப்படும் என்பதையும் அறிவிக்க வேண்டும்.