ஹாட் டாடியும் மறந்துபோன 30 மில்லியும்

சளி பிடித்தால் ராத்திரி ஒரு ‘ஹாட் டாடி’ போட்டுக் குடித்துவிட்டுப் படுப்பது என் பல வருடப் பழக்கம். (டாடி என்றால் அப்பா இல்லை. பனங்கள்ளைக் குறிக்கும் இந்திச் சொல் ஆங்கிலத்தில் நுழைந்து, கடைசியில் வெந்நீரில் தேன், எலுமிச்சையோடு கலந்த விஸ்கிக்குப் பெயராகிவிட்டது.) போன வாரமும் போட்டேன். மூக்கு முழு அடைப்பு, எச்சில் விழுங்கினால் தொண்டையில் முள். குடித்தேன், இதமாக இருந்தது, தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால், அளந்து வைத்த 30 மில்லி விஸ்கி சமையல் மேடையில் அப்படியே இருக்கிறது! கலக்கவே மறந்திருக்கிறேன். வாசனை வராதது அந்த மூக்குக்கு எங்கே தெரியப்போகிறது?

அப்படியானால் இத்தனை வருடமாக நான் யாருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்?

தேன் தொண்டையில் படிந்து இருமலைக் கொஞ்சம் அடக்கும். எலுமிச்சைப் புளிப்பு எச்சில் ஊறவைக்கும். ஆனால் பெரிய வேலையைச் செய்வது சூடுதான். பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் சளி பிடித்த 30 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள், 2008இல் வெளியானது. ஒரே பழச்சாறு, சிலருக்குச் சூடாக, சிலருக்கு ஆறியதாக. ஆறிய சாறுகூட மூக்கொழுகல், இருமல், தும்மலுக்குக் கேட்டது. தொண்டைவலி, குளிர், அசதி ஆகியவையும் குறைந்ததாகச் சொன்னவர்கள் சூடாகக் குடித்தவர்கள். வேடிக்கை என்னவென்றால், கருவி வைத்து அளந்தபோது மூக்கில் காற்று போகும் அளவு கூடவே இல்லை. அடைப்பு அடைப்பாகவே இருக்க, ஆளுக்கு மட்டும் சுகம்!

விஸ்கி தருகிற கதகதப்போ ஒரு கண்கட்டு. தோலடி ரத்தக்குழாய்கள் விரிந்து, உள்ளே இருக்கும் சூடு வெளியே போகிறது. தொண்டை எரிவதற்கும் காரணம் உண்டு: சூட்டை உணரும் நரம்பு ஏற்பி சாதாரணமாக 42 டிகிரி செல்சியஸில்தான் விழிக்கும், ஆல்கஹால் பட்டால் 34 டிகிரியிலேயே அலறும். நம் உடம்புச் சூடே நம்மைச் சுடுகிறது! தூக்கமும் அப்படித்தான். சீக்கிரம் வரும், பின்னிரவில் கலைத்துவிட்டுப் போய்விடும்.

அதற்காக நான் விடப்போவதில்லை. 200 மில்லி வெந்நீரில் ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு போட்டு ஐந்து நிமிடம் மூடிவையுங்கள். கொஞ்சம் ஆறியதும் தேன், எலுமிச்சை. விஸ்கி வேண்டுமென்றால் கடைசியில், 30 மில்லிக்கு மேல் வேண்டாம். கொதிநீரில் ஊற்றினால் ஆவி மூக்கில் ஏறி இருமல்தான் வரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சமரசம் இல்லை. சளி மாத்திரை போட்ட ராத்திரி விஸ்கி கூடாது. அதில் பாராசிட்டமால் இருந்தால் கல்லீரலுக்குச் சுமை. அலர்ஜி மருந்து இருந்தால் மயக்கம் இரட்டிப்பாகும். குழந்தைகளுக்கு ஒரு சொட்டுகூட வேண்டாம். ஒரு வயதுக்குள் தேனும் ஆகாது.

அந்த 30 மில்லியா? புனல் வைத்து பாட்டிலுக்கே திருப்பிவிட்டேன். மூக்கு திறக்கட்டும், வாசனையோடு குடித்துக்கொள்கிறேன்.